கடைசி பெஞ்சிலிருந்து சம்பந்திக்கு

கருங்காட்டுப்பட்டி,
அரூர் வட்டம்.
ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை.

ஆண்டவருக்குள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி ஞானமுத்து அவர்களுக்கு,

மாரப்பன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மனசளவில் என் மனைவி அமுதவல்லியும் மகள் ஜாஸ்மினும் சுகம். மூன்றாவது ஆளான நான் எப்படி இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கிருஷ்ணகிரியில் தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை கதிரவனும் எல்லா நன்மையோடும் இருக்கும்படி தினமும் காலையில் ஜெபிக்கிறோம். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், நேரில் தருகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். போனை எடுத்தால் என் குரல் தானாக ஏறிவிடும். நான் சாதாரணமாகப் பேசினாலே எதிர்முனையில் இருப்பவர், “ஏனுங்க கோவப்படறீங்க?” என்று கேட்கிறார். சம்பந்தியிடம் அப்படி ஆகக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் படித்துவிட்டு, பிறகு பதமாக எடுத்துச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி வைத்த கல்யாணத்தை மே மாதம் இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை உங்கள் சபையில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது, ஒருவரும் ஆட்சேபனை சொல்லவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார், சந்தோஷம். எங்கள் சபையில் இன்னும் ஒரு ஞாயிறுகூட வாசிக்கவில்லை. உடனே பெண்ணிடம் ஏதோ குறை என்று நினைத்துவிடாதீர்கள். ஜாஸ்மின் ஏழு வயதிலிருந்து பாடகர் குழுவில் இருப்பவள், ஒரு ஞாயிறு தவறியதில்லை, காய்ச்சலோடு வந்துகூடப் பாடியிருக்கிறாள். குறை என் மேல். நான் இப்போது சபை ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் சபைக்கென்று எழுதப்பட்ட ஒழுங்கு விதிகள் வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தது சபைச் செயலாளரான நான். வழிமொழிந்ததும் ஏறக்குறைய நான்தான், வழிமொழிய வேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவர் கையைப் பிடித்து நான் தூக்கிவிட்டேன். எங்கள் சபையில் மூத்தவரான ராமக்காள் மட்டும் எழுந்து, “பைபிள் இருக்குதே தம்பி, அது பத்தாதா?” என்று கேட்டார். பைபிளில் காளை இருக்கிறது, கழுதை இருக்கிறது, ஆனால் சபைக் காம்பவுண்டில் கொண்டுவந்து கட்டுகிற எருமையைப் பற்றி ஒரு வசனமும் இல்லை என்றேன். எருமை அவருடையது. அவர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒரு மாதம் ராவும் பகலும் யோசித்துப் பதினான்கு விதிகள் எழுதினேன். பொதுவாக எழுதினேன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு விதிக்கும் என் மனசில் ஒரு முகம் இருந்திருக்கிறது. ஆராதனையில் போன் அடிக்கக் கூடாது என்றால் அது ஸ்கூல் வாத்தியாருக்கு. பிரசங்கத்தின்போது கண்ணை மூடினால் அது ஜெபமா தூக்கமா என்று பக்கத்தில் இருப்பவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் அது வழிமொழிந்தவருக்கு. இப்படியே பதினான்கு. என்னைக் கட்டுப்படுத்த ஒரு விதியும் எழுதவில்லை, ஏனென்றால் என்னிடம் குறை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அதில் ஒன்பதாம் விதியை அப்படியே எழுதுகிறேன், படியுங்கள்: “சபையார் எவரும் பிற சமயத் திருவிழாக்களுக்கு ஆள் கூட்டவோ, தம் பெயரையோ குரலையோ கொடுக்கவோ கூடாது; அறிந்து செய்தாலும் அறியாமல் செய்தாலும் நான்கு ஞாயிறு கடைசி பெஞ்சு.” பெயர் என்று மட்டும்தான் முதலில் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் வாக்கியம் மொட்டையாக இருந்தது, அழகுக்காகக் குரலையும் சேர்த்தேன். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை சம்பந்தி. என் வாயே எனக்கு எமன் என்று அமுதவல்லி சொல்வாள், கையும்தான் என்று இப்போது தெரிகிறது. கடைசி பெஞ்சு என்பது, நடவடிக்கையில் இருப்பவர் உட்காருவதற்கென்றே ஒதுக்கியது. அங்கே உட்கார்ந்தவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது, பொறுப்பு எதுவும் கிடையாது. பன்னிரண்டாம் விதிப்படி அவர் வீட்டுச் சுபகாரியம் எதையும் அந்தக் காலத்தில் சபையில் அறிவிக்கவும் கூடாது. இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்த சுகாதார நர்ஸ் ஒருவர் விவரம் தெரியாமல் நேராகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சபை முழுக்கத் திரும்பித் திரும்பி, பாவம், இந்தப் பெண் என்ன செய்ததோ என்று பார்த்தது. மறுவாரம் அவர் வரவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பெஞ்சில் முறைப்படி முதலில் உட்கார்ந்தவர் பச்சியப்பன். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. மெதுவாகப் பேசுகிற மனிதர், அவரிடம் ஒரு விஷயம் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்தது இந்துக் குடும்பத்தில். போன வருடம் அவர்கள் ஊர் மாரியம்மன் திருவிழா நோட்டீசில் விழாக்குழுவில் அவர் பெயரையும் மச்சான்காரர் அச்சடித்துவிட்டார், பிரியத்தில்தான், கேட்காமலேயே. டீக்கடைச் சுவரில் பசை காய்வதற்கு முன்னால் அந்த நோட்டீசைப் பிய்த்துக்கொண்டு வந்து சபையில் காட்டியவன் நான்தான். அவர், “எனக்குத் தெரியாதுங்க” என்றார். அறியாமல் செய்தாலும் என்று இருக்கிறது பாருங்கள் என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் போய் உட்கார்ந்தார். அந்த நான்கு வாரத்துக்குள் அவருடைய பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் விதியைச் சொல்லி அதையும் நிறுத்தினேன். பெங்களூரில் இருக்கிற அவருடைய மகன் கோபப்பட்டுக்கொண்டு அங்கேயே ஒரு சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டான். தாத்தா அதைப் போனில்தான் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் மேல் தப்பு இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் விதி எழுதினவன் தப்பை ஒப்புக்கொண்டால் விதி என்ன ஆகும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

இப்போது என் கதை. கல்யாண அழைப்பிதழ் புரூப் பார்க்க ஒரு சனிக்கிழமை அரூர் போனேன். தீர்த்தமலையில் மாசித் திருவிழா நேரம். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அம்மியது. பஸ் வந்து நின்றதும் எல்லோரும் முன்படியிலேயே போய் முட்டுகிறார்கள், பின்னால் பாதி பஸ் காலி. கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகாத இளைஞர், டிக்கெட் மெஷின் மக்கர் செய்துவிட்டது, அதைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் படியில் தொங்குகிறாள். சம்பந்தி, நீங்களே சொல்லுங்கள், முப்பத்தொரு வருடம் பார்த்த வேலை கண்ணெதிரே கெட்டுப்போகும்போது ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? நான் புரூப்பைச் சட்டைக்குள் செருகினேன். கை தானாகப் போய் பஸ்ஸைத் தட்டியது. வாய் தானாகத் திறந்தது. “தீர்த்தமலே, தீர்த்தமலே, தீர்த்தமலேய்! பின்னாடி ஏறுங்க, பின்னாடி! உள்ளே போங்க, உள்ளே! சாமி பாக்கப் போறவங்க சண்டை போடாதீங்க! ஏறுங்க சாமி, ஏறுங்க! ஒருத்தரும் நின்னுடாதீங்க, எல்லாரும் வாங்க!”

ஒரு பஸ்ஸோடு விட்டேனா? மூன்று பஸ் நிரப்பினேன். முக்கால் மணி நேரம். ரிட்டயர் ஆன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை, பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது பஸ்ஸில் ஏறிய ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் வைத்து, “நல்லாயிருப்பே சாமி” என்று வாழ்த்திவிட்டுப் போனார். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் எப்படிச் சபைக்குத் தெரிந்தது என்று கேட்பீர்கள். கண் டாக்டரைப் பார்க்க வந்த ராமக்காள் எதிரே நிழலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்குப் புதிதாகப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். படம் பிடித்துச் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், பழிவாங்கப் போடவில்லை. பெருமையாகப் போட்டார். “நம்ப செயலாளர் எம்மாம் அழகா கூப்புடறாரு பாருங்க, வயசே தெரியல” என்று குரல் பதிவு வேறு. ஐம்பது பேர் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். நான் அரூரிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டே வந்தேன். ஊர் ஸ்டாப்பிங்கில் இறங்கும்போது பச்சியப்பன் ஒரே ஒரு வரி போட்டிருந்தார். “விதி 9.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு குரூப்பில் ஒரு பொம்மையும் வரவில்லை.

விசாரணை வைத்தார்கள். ஒழுங்குக் குழுவில் மூன்று பேர், எங்கள் பாஸ்டர் பிரபாகர், ராமக்காள், பச்சியப்பன். அனுபவம் உள்ளவர் குழுவில் இருக்க வேண்டும் என்று பாஸ்டர்தான் பச்சியப்பனைச் சேர்த்திருந்தார். நான் என் கட்சியைச் சொன்னேன். நான் பஸ்ஸுக்குத்தான் ஆள் கூட்டினேன், திருவிழாவுக்கு இல்லை என்றேன். பாஸ்டர் சின்னப் பையன் மாதிரி நெளிந்துகொண்டே, “எல்லாரும் வாங்கன்னு சொல்றீங்களேய்யா, வீடியோல தெளிவா இருக்குது” என்றார். எனக்குத் தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்றேன். பச்சியப்பன் விதிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். அறியாமல் செய்தாலும். என் கையெழுத்து. கடைசியாக, நான் பெயரைக் கொடுக்கவில்லையே என்றேன். ராமக்காள் பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குரலையோன்னு இருக்குதே தம்பி” என்றார். எங்கே திரும்பினாலும் ஒரு சந்து இல்லை, அவ்வளவு கெட்டியாக எழுதி வைத்திருக்கிறேன். நான்கு ஞாயிறு. செயலாளர் பொறுப்பு தற்காலிகமாகப் பச்சியப்பனுக்கு. இரண்டு ஞாயிறு முடிந்துவிட்டது, நாளைக்கும் அடுத்த வாரமும் பாக்கி. அதன் பிறகு மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால் மே மாதம் பிறந்துவிடும். கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. வத்தல்மலையில் அமுதவல்லிக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் தனியாகச் சபை நடத்துகிறார், அங்கே ஓலை வாசித்துவிடலாம் என்று பஸ் ஏறிப் போனேன். அவர் சந்தோஷமாக வரவேற்றார். தாராளமாக வாசிக்கலாம், ஆனால் எங்கள் சபைக்குச் சில ஒழுங்குகள் உண்டு என்றார். பெண் நகை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. சரி என்றேன். கல்யாணப் பிரசங்கம் மூன்று மணி நேரம். சரி, பந்தியைத் தள்ளிவைக்கலாம் என்றேன். பெண்ணின் அப்பா மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது என்றேன். தண்ணீர் தெளித்தது செல்லாது என்றார். எங்கே எடுப்பது என்று கேட்டதற்கு ஒரு குட்டையைக் காட்டினார், அதில் மூன்று எருமைகள் படுத்திருந்தன. நான் மலையிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் ஜாஸ்மின் சண்டைக்கு வந்தாள். “யாரைக் கேட்டுப் போனீங்க? நான் பொறந்து வளந்த சபையில தான்பா எனக்கு ஓலை வாசிக்கோணும். நீங்க ஒழுங்கா உக்காந்து முடிங்க. நான் மே மாசம் கட்டிக்கறேன். இல்லாட்டி ஜூன் மாசம்.” சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க வேகமாகப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இந்தத் தேதிக்காக மாப்பிள்ளை ஓசூர் கம்பெனியில் எவ்வளவு கெஞ்சி லீவு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். அவள் எத்தனை தடவை காலண்டரைப் பார்த்தாள் என்றும் தெரியும். பெற்ற மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தோட்டத்துப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அமுதவல்லி ஒரே பாட்டாகப் பாடுகிறாள். “ஏங்க, பச்சியப்பன் அண்ணன் வூட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேளுங்களேன்.” அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விதிகளைத் திருத்தவும் நீக்கவும் செயலாளருக்கு அதிகாரம் உண்டு என்று பதினான்காம் விதி சொல்கிறது. அதை எனக்காகத்தான் எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பேனா அவர் கையில் இருக்கிறது. ஆனால் நான் எப்படிப் போய்க் கேட்பேன் சம்பந்தி? அந்த மனிதரின் பேரனுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினவன், என் மகளுக்கு ஓலை வாசியுங்கள் என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? அவர் முடியாது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. சரி என்று சொல்லிவிட்டால் அதைத்தான் என்னால் தாங்க முடியாது. செத்தாலும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசி பெஞ்சைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு கால் கட்டை. கொஞ்சம் அசைந்தாலும் டொக்கென்று சத்தம் வரும், உடனே எட்டு வரிசையும் திரும்பும். அங்கே உட்கார்ந்தால் எல்லோருடைய முதுகும் தெரியும், ஒருவர் முகமும் தெரியாது. குருத்தோலை ஞாயிறன்று எல்லோருக்கும் குருத்தோலை கொடுத்தார்கள், என் வரிசை வரைக்கும் வந்து திரும்பிவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, அந்தப் பெஞ்சில் ஆள் இருப்பது பழக்கத்தில் இல்லை. அறிவிப்பு வாசிப்பது இப்போது பச்சியப்பன். இரண்டாவது வரிசையைத் தாண்டிக் கேட்காது. “சத்தமா!” என்று கத்த வாய் வரை வரும், பல்லைக் கடித்து அடக்குவேன். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அமுதவல்லி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போனவள் பாதி வழியில் ஒரு கணம் நின்றாள். இதே இடத்தில் ஒரு மனிதரை நான்கு வாரம் உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேனே என்று நினைத்தேன். அதனால்தான் சொல்கிறேன், மீதி இரண்டு வாரத்தையும் நான் உட்கார்ந்தே முடிக்கிறேன். எனக்கு அது தேவைதான்.

ஆகையால் தாங்கள் பெரிய மனது வைத்து, சம்பந்தியம்மாவிடமும் மாப்பிள்ளையிடமும் கலந்து, மே மாதம் ஒரு நல்ல நாளைக் குறிக்க வேண்டும். மண்டபத்துக்காரரை நான் சமாளித்துக்கொள்கிறேன். அச்சடித்த அழைப்பிதழ் முந்நூறிலும் தேதியை ஜாஸ்மினும் நானும் கையாலேயே திருத்திவிடுகிறோம். இப்படிப்பட்ட அப்பன் வீட்டிலா பெண் எடுக்கிறோம் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். ஆனால் பெண்ணைப் பாருங்கள், அப்பனைப் பார்க்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டு வாசலில் சமாதானமும், உங்கள் அடுப்பில் நிறைவும், மாப்பிள்ளையின் வண்டிப் பயணங்களில் காவலும் என்றைக்கும் குறையாமல் இருக்க ஆண்டவரை வேண்டி, சம்பந்தியம்மாவுக்கு எங்கள் மூவரின் ஸ்தோத்திரத்தோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் வெட்கமும் கலந்த சம்பந்தி,
ம. மாரப்பன்,
செயலாளர் (நிறுத்தி வைக்கப்பட்டவர்).

பின்குறிப்பு: ஈஸ்டர் ஞாயிறு, பகல் மூன்று மணி. மேலே எழுதியது ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். தேதியை மாற்ற வேண்டாம். மாற்றவே வேண்டாம். ஏப்ரல் இருபத்திரண்டுதான். புதிதாக வேறு கடிதம் எழுதலாம் என்றேன், அமுதவல்லி விடவில்லை. “இதையே அனுப்புங்க. நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியட்டும்” என்கிறாள்.

நடந்தது இதுதான். நேற்று நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, ஈஸ்டருக்குக் கோயிலைக் கழுவப் போகிறோம் என்று தாயும் மகளும் துடைப்பத்தோடு கிளம்பிப் போனார்கள். போனது கோயிலுக்கு இல்லை, பச்சியப்பன் வீட்டுக்கு. இவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டாராம், “இத்தனை நாளா எங்கம்மா போனீங்க? அவுரு வருவாரு, கேப்பாருன்னு பாத்துட்டே இருந்தேன். வத்தல்மலை வரைக்கும் போனவருக்குப் பக்கத்து வூடு தெரியலீங்களா?” அந்த இடத்திலேயே விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பன்னிரண்டாம் விதியைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ராமக்காளும் பாஸ்டரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவர்கள் மூடி மறைத்துவிட்டார்கள், எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பாஸ்டர் எழுந்து, கருங்காட்டுப்பட்டி சபை மாரப்பன் அமுதவல்லி தம்பதியின் மகள் ஜாஸ்மினுக்கும், கிருஷ்ணகிரி ஞானமுத்து மகன் கதிரவனுக்கும் என்று வாசிக்க ஆரம்பித்ததும், எனக்குக் காது அடைத்துவிட்டது. இதற்கு யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று வழக்கப்படி கேட்டார். முன்வரிசையில் பச்சியப்பன் எழுந்து நின்றார். அவர் ஏதோ சொன்னார், வழக்கம்போல ஒருவருக்கும் கேட்கவில்லை. பாஸ்டர் முகம் வெளுத்து, “என்னங்க?” என்றார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருக்குத் தெரிந்த அளவு சத்தமாகச் சொன்னார்: “ஆட்சேபனை இருக்குதுங்க. கல்யாணத்துக்கு இல்லைங்க. பொண்ணைப் பெத்தவரு கடைசி பெஞ்சில உக்காந்து ஓலை கேக்கறது முறை இல்லீங்க. அவரை முன்னாடி வரச் சொல்லுங்க.”

பாஸ்டர், “விதிப்படி இன்னும் ரெண்டு வாரம் இருக்குதுங்களே” என்றார். “ஆமாங்க, விதியை மீறச் சொல்லல. அந்த ரெண்டு வாரமும் நான் உக்காந்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, செருப்பில்லாத காலோடு மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ஒருவருக்காக இன்னொருவர் உட்காரலாம் என்று நான் எந்த விதியும் எழுதவில்லை. கூடாது என்றும் எழுதவில்லை, அப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றியிருந்தால்தானே எழுதுவதற்கு. “பேரப் புள்ளை விஷயத்தில நான் பண்ணது பெரிய தப்புங்க, என்னை மன்னிச்சுடுங்க” என்று அவரிடம் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன், சபை முழுக்கக் கேட்டிருக்கிறது. அவர், “பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க, போங்க, போய் உக்காருங்க” என்று என்னை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே முன்னால் போனேன். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத எங்கள் பாஸ்டரின் பிரசங்கம் இன்றைக்கு ஐந்தே நிமிடம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் உங்களை வரவேற்க என் பக்கத்தில் அவரும் நிற்பார். கேட்டுவிட்டேன், இந்த முறை நானே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முதலில் அவருக்குக் கை கொடுங்கள், அப்புறம் எனக்குக் கொடுக்கலாம்.